இரண்டு பாஸ்போர்ட்டுகளுக்கு நடுவே

என்னைக் குடிமகனாக்கிவிட வேண்டும் என்று என் மனைவி முடிவெடுத்தது ஒரு தேர்தல் நாளில். அவள் சிங்கப்பூரிலேயே பிறந்தவள். ஈசூனில் வளர்ந்து, திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த என்னைக் கட்டிக்கொண்டு, பொங்கோலில் குடித்தனம் நடத்துபவள். அன்று காலை நல்ல புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு எதிரே இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடப் போனாள். நான் காப்பிக்கடையில் ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு அவள் வரும் வழியைப் பார்த்தபடி இருந்தேன். திரும்பி வந்தவள் என்னையும் பாதி குடித்த கோப்பையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"கல்யாணமாகி எவ்ளோ வருஷமாச்சு. இன்னமும் வெளியிலதான் நிக்கிறீங்க."

"உக்காந்துதானே இருக்கேன்."

"ஜோக்கு போதும்லா. அப்ளை பண்ணுங்க."

அதுவரை நான் நிரந்தரவாசி. அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டிய நிரந்தரம் அது. நகைச்சுவைக் கட்டுரை எழுதுபவனுக்கு இப்படி ஒரு பதவி கிடைத்தால் விடுவானா? ஏழெட்டு வருடம் அதை வைத்தே ஓட்டினேன். ஏன் குடியுரிமை வாங்கவில்லை என்று யாராவது கேட்டால் தேசபக்தி என்பேன். அதற்கும் சிரிப்பார்கள்.

உண்மையான காரணம் உறையூரில் ஒரு மாடிவீட்டில், மின்வாரிய ஓய்வூதியத்தோடும் நாள்பட்ட மூட்டுவலியோடும் இருந்தார். அப்பா. இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள இந்த நாடும் விடாது, அந்த நாடும் விடாது. புதியது வேண்டுமானால் பழையதைக் கொடுத்துவிட வேண்டும். அம்மா இறந்த செய்தி வந்த அன்று, அலமாரியிலிருந்து அந்த நீலப் புத்தகத்தை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நேரே விமான நிலையத்துக்குப் போனவன் நான். எனக்காக யாரும் சடங்கு எதையும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் புத்தகம் கையில் இருக்கும்வரை எனக்கும் அப்பாவுக்கும் நடுவே நான்கு மணி நேரம்தான். அப்பாவே சொல்வார்: "மெட்ராஸுக்கு பஸ்ல போற நேரத்துல உன் ஊருக்குப் போயி டிபனும் சாப்ட்டுடலாம்."

விண்ணப்பிக்கப் போகிறேன் என்று தொலைபேசியில் அவரிடம் சொன்னேன்.

"அங்க ரேஷன் கார்டு குடுப்பாங்களா?"

"இல்லப்பா."

"அப்புறம் என்னத்துக்கு?"

"அவ சொல்றா."

"அப்ப செஞ்சிரு. உங்கம்மா சொன்னது எதையும் நான் செய்யல. கடைசிவரைக்கும் சொல்லிக் காட்டுனா."

விண்ணப்பித்தேன். வெகுநாள் கழித்து, கொள்கையளவில் ஒப்புதல் என்று பதில் வந்தது. கொள்கையளவில் என்றால், இன்னும் சில படிகள் உண்டு என்று பொருள். முதலில் கணினியில் பாடங்கள் படித்துத் தேர்வு எழுதவைத்தார்கள். பிறகு என்னைப் போன்ற முப்பது நாற்பது பேரைப் பேருந்தில் ஏற்றி, நான் தலை நரைக்குமளவு வாழ்ந்த ஊரை எனக்குச் சுற்றிக் காட்டினார்கள். சிராங்கூன் ரோட்டில் வண்டி மெதுவாகப் போனபோது வழிகாட்டிப் பெண் பூக்கடையைக் காட்டி, இந்தியர்கள் இந்த மாலைகளைச் சாமிக்குப் போடுவார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். பேருந்தே திரும்பி என்னைப் பார்த்தது. நான் ஓர் எடுத்துக்காட்டுக்குரிய பொறுப்போடு புன்னகை செய்தேன்.

அடுத்த படி பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது. அதைத் தூதரகத்தின் சார்பில் வாங்கிக்கொள்ளும் அலுவலகத்தில் கொடுத்தால், பரிசீலித்து, இந்தியக் குடியுரிமையைத் துறந்ததற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். துறந்ததற்குச் சான்றிதழ்! முனிவர்களுக்குக்கூட யாரும் அதைக் காகிதத்தில் கொடுத்ததாக நான் படித்ததில்லை. அதைக் கொண்டுபோய் இங்கே காட்டி, உறுதிமொழி எடுத்தால் குடிமகன். அதன்பிறகு புது பாஸ்போர்ட். இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் எந்தப் பாஸ்போர்ட்டும் இருக்காது, பயணத் திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

ஒப்படைக்க எனக்குக் கிடைத்த நாள் ஆடி மாதத் தொடக்கத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஈசூன் போயிருந்தபோது மாமியாரிடம் அதைச் சொன்னேன். அவருடைய சமையலறையில் மளிகைக்கடை கொடுத்த நாட்காட்டி ஒன்று தொங்கும். அதைக் கேட்காமல் அவர் மின்தூக்கிப் பொத்தானைக்கூட அழுத்த மாட்டார் என்று நான் சொல்வதுண்டு. அகப்பையோடு வெளியே வந்தார்.

"ஆடியிலயா, மாப்ள?"

"ஆமா அத்தை. அவங்க குடுத்த தேதி."

"ஆடியில ஒரு புளோக்க விட்டு இன்னொரு புளோக்குக்கு வீடு மாற மாட்டோம். நீங்க நாட்டையே மாத்துறீங்க."

"அவங்களுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது அத்தை."

"அவங்களுக்குத் தெரியாது, ஓகே. உங்களுக்குத் தெரியும்லா? தெரிஞ்சவங்க செய்யலாமா?"

மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். "ஒரு மாசம்தானே. ஆவணியிலயே குடுங்க. இல்லன்னா அம்மா இந்த மாசம் பூரா தூங்க மாட்டாங்க," என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள். தேதியை மாற்றினேன். அது ஒன்றும் கடினமாக இல்லை. கணினியில் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும். ஆவணி முதல் வாரம், வளர்பிறை, காலை நேரம், ராகு காலத்துக்கு முன்பு. இதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன். நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார்கள். அதை அப்புறம் நான் திறந்து பார்க்கவில்லை.

அத்தை குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் தமிழ்க்காரர். "ஃபைனலா முடிவு பண்ணிட்டீங்களா சார்?" என்றார். இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று கேட்கும் குரல். பண்ணிட்டேன் என்றேன். அன்று மதியம் அத்தை கேசரி கிளறிக் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஆவணி முடிவதற்குள் தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. எனக்கு ஒரே தங்கை. அப்பாவோடு அதே வீட்டில் இருந்தவள். அவரைப் பார்த்துக்கொண்டது அவள். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தொலைபேசியில் யோசனை சொல்லிவந்தது நான். ஜாலான் புசாரில் எங்கள் அலுவலகம். கப்பலுக்கு வேண்டிய உதிரிபாகங்கள் விற்கிறோம். சுற்றிலும் இரும்புக்கடைகள் என்பதால் எப்போதும் ஏதாவது ஒன்றை யாராவது அறுத்துக்கொண்டிருப்பார்கள். மாடிப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன்.

"அண்ணே, அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு போச்சாம். தில்லை நகர் ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். கெளம்பி வா."

"பாஸ்போர்ட் இல்ல."

"என்னது இல்ல?"

"குடுத்துட்டேன்ல."

"அதான் புதுசு குடுப்பாங்கன்னியே?"

"இன்னும் குடுக்கல."

"அப்ப இப்ப நீ எந்த ஊர்க்காரன்?"

"அதத்தான் கேக்கப் போறேன்," என்றேன்.

கேட்டேன். முதலில் பாஸ்போர்ட்டைக் கொடுத்த இடத்துக்குப் போனேன். அதே மனிதர் இருந்தார். இந்த முறை எழுந்து நின்று பேசினார். "ரத்து பண்ணிட்டாங்க சார். அத வச்சு ஏர்போர்ட் வாசல்கூடத் தாண்ட முடியாது. சர்டிபிகேட் எப்ப வரும்னு மேல பேசிப் பாக்குறேன்." உண்மையிலேயே பேசினார். என் எதிரிலேயே இரண்டு முறை போன் செய்தார். பிறகு இங்குள்ள குடிநுழைவு அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டார். சான்றிதழ் கைக்கு வந்ததும் தெரிவியுங்கள், உறுதிமொழிக்கான தேதியை முன்னதாகத் தருகிறோம், பாஸ்போர்ட்டையும் விரைவுபடுத்துகிறோம் என்றார். உங்கள் அப்பா குணமாகட்டும் என்றும் சொன்னார்.

ஆளாளுக்கு அன்பாக இருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. நகைச்சுவை எழுதுகிறவனுக்கு முட்டாள் அதிகாரி ஒருவன் அவசியம். அவன்மேல் நாலு வரி கோபப்பட்டால் மனது ஆறும். எனக்கு அப்படி ஒருவன்கூடக் கிடைக்கவில்லை. ஆடியில் கொடுத்திருந்தால் இந்நேரம் புதுசு வந்திருக்கும். புரட்டாசிக்குத் தள்ளியிருந்தால் பழையது கையில் இருந்திருக்கும். நாட்காட்டியில் தேடித் தேடி, எந்தப் பக்கமும் கரையில்லாத நாட்களில் என்னைச் சரியாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டிருந்தோம்.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. பிறகு சளி நெஞ்சில் இறங்கியது. அப்பாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒருநாள் மதியம் தங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு?"

"நான்தாம்பா."

"எங்க இருக்க?"

அந்தப் பக்கம் ஏதோ கருவி விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. என்ன சொல்வது? எனக்கு இந்தப் பாஸ்போர்ட் ரத்தாகி அந்தப் பாஸ்போர்ட் வராத நிலையை, இடுப்பில் கம்பி வைத்துக் கிடக்கும் மனிதருக்கு எந்த மொழியில் விளக்குவது?

"வந்துக்கிட்டிருக்கேன்பா."

"பிளேன்ல சாப்பாடு குடுத்தானா?"

"குடுத்தாம்பா."

"சரி. பாத்து வா."

அவர் என்னோடு பேசியது அதுதான் கடைசி. மறுநாளிலிருந்து மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மாஸ்க். தங்கையிடம் மட்டும், மாஸ்க்கை விலக்கும்போது ஏதோ இரண்டு சொல் பேசுவார் என்றாள். என்ன பேசுகிறார் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, தண்ணி கேப்பாரு," என்பாள்.

துறந்ததற்கான சான்றிதழ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அதை வாங்கிக்கொண்டு நேரே அலுவலகம் போய், உறுதிமொழிக்கு நாள் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பு வந்தது. எடுத்தால் தங்கை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் இந்த முனையில் அதையே செய்துகொண்டிருந்தேன்.

அன்றே சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். வீடியோவில் காட்டுகிறோம் என்றார்கள், சரி என்றேன். குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது படம் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் ஷாமியானாவின் ஒரு இரும்புக் காலும், யாரோ ஒருவருடைய வேட்டிக் கரையும், கவிழ்த்துவைத்த ஒரு பிளாஸ்டிக் குடமும் இருந்தன. மறுபடியும் வரும் வரும் என்று அந்தக் குடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் வந்தபோது வாசலில் யாரும் இல்லை.

அலுவலகத்திலிருந்து இறங்கி நடந்தேன். வீட்டுக்குப் போகும் ரயில் வேறு பக்கம். கால்கள் லிட்டில் இந்தியாவுக்குப் போயின. கெர்பாவ் ரோட்டுப் பக்கம் ஒரு முடிதிருத்தும் கடை. நான் வழக்கமாகப் போகிற இடம் இல்லை. கத்தரிக்கோலோடு நின்றவருக்கு என் வயதில் பாதி இருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு.

"மொட்டையா? பழனி வேண்டுதலா சார்? இங்கயே போட்டுக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

"இல்ல. அப்பா."

அவர் கையெட்டி டீவியை அணைத்தார். சோபாவில் காத்திருந்த இரண்டு பேர், கப்பல்பட்டறைச் சட்டைக்காரர்கள், கைப்பேசியை மடியில் கவிழ்த்துவைத்தார்கள்.

"மீசையுமா சார்?"

"மீசையும்."

சவரம் முடிந்து கண்ணாடியைப் பார்த்தேன். சோகமான மனிதன் ஒருவனை எதிர்பார்த்தேன். இருந்தவன் தோலுரித்த உருளைக்கிழங்கு. சிரிப்பு வந்தது. சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. பட்டுக்கோட்டைக்காரர் தோளில் துண்டை இன்னொரு முறை உதறிவிட்டு, அவசரமில்லை என்பதுபோல் சீப்புகளை அடுக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து, பன்னிரண்டாவது மாடியில், சுடுதண்ணீர்க் குழாய்க்கு அடியில் நின்று தலைமுழுகினேன். ஆறுமில்லை, குளமுமில்லை. வெளியே மனைவி, ஹீட்டர் போட்டிருக்கிறீர்களா, சளி பிடித்துக்கொள்ளும் என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அத்தை ஈசூனிலிருந்து வந்தார். கையில் டிபன்கேரியர், அதில் இடியாப்பம். துக்கவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. என் தலையைப் பார்த்ததும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"வாங்க அத்தை."

"நாந்தான் மாப்ள," என்றார். "ஆடி ஆடின்னு நாந்தான். நீங்க பாட்டுக்கு அன்னிக்கே போயிருப்பீங்க."

டிபன்கேரியரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"அதுக்காக இல்ல அத்தை. ஆபீஸ்ல அந்த மாசம் ஸ்டாக் எடுப்பு. லீவு கிடைக்கல. அதனாலதான் தள்ளிப் போட்டேன். உங்ககிட்ட ஆடின்னு தலையாட்டுனது சும்மா."

பொய். அத்தை முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் கண்காணிப்பாளராக இருந்தவர். பொய் எது என்று அவருக்குத் தெரியும். "அப்படியா," என்றார். "ஸ்டாக் எடுப்புன்னா லீவு குடுக்க மாட்டாங்கதான்." உள்ளே வந்து எனக்கு இடியாப்பத்தை எடுத்துவைத்தார். பிள்ளைக்கு வைப்பதுபோல் தேங்காய்ப்பாலை ஊற்றிப் பிசைந்தும் வைத்தார்.

உறுதிமொழிக்கான நாள் பதினாறாம் நாளுக்கு முன்பே வந்துவிட்டது. தீட்டு நாட்கள். பழைய அத்தையாக இருந்தால் நாட்காட்டியோடு வந்து குறுக்கே படுத்திருப்பார். "போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னார்.

குடிநுழைவு அலுவலக முகப்பில் இருந்த அதிகாரி தலையில் துடோங் முக்காடு அணிந்த இளம்பெண். திரையில் இருந்த என் புகைப்படத்தைப் பார்த்தார். அதில் சுருட்டை முடியும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சமமாக வெட்டிய மீசையும் இருந்தன. என்னைப் பார்த்தார். மறுபடி திரை.

"சார், இது நீங்கள்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"போன வாரம்வரை நான்தான்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. "என் அப்பா இறந்துவிட்டார். எங்கள் வழக்கம்," என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை ஒருவரிடம் முழுசாகச் சொன்னது அப்போதுதான். ஆங்கிலத்தில் அது பிறருக்கு நடந்ததுபோல் இருந்தது, அதனால் சொல்ல முடிந்தது.

"ஓ. சாரி, அங்கிள்," என்றார். சார் என்று தொடங்கியவர் அந்த இடத்தில் அங்கிளுக்கு மாறினார். அடையாள அட்டையில் பழைய படத்தைப் போட்டால் பார்க்கிற இடத்திலெல்லாம் குழப்பம் வரும், முடி வளர்ந்தபிறகு வருவதானால் வேறு நாள் தருகிறேன், இல்லையென்றால் இப்போதே புதுப்படம் எடுத்து வரலாம் என்று விளக்கினார். முடி வளர்வதற்குக் காத்திருந்தால் பாஸ்போர்ட்டும் காத்திருக்கும். கீழே போய்ப் படம் எடுத்து வந்தேன். பிறகு வலக்கையை உயர்த்தி, பழைய நாட்டுக்கான பற்றுதலைத் துறக்கிறேன் என்று அவர் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். துறப்பதற்கு வேண்டிய தோற்றம் முழுமையாக இருந்தது.

என் இளஞ்சிவப்பு அடையாள அட்டையில் அந்த முகம்தான் இருக்கிறது. வங்கியில், மருந்தகத்தில், தபால் நிலையத்தில் காட்டும்போது அட்டையையும் என்னையும் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். நன்றாகச் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

புது பாஸ்போர்ட் வந்தபோது கருமாதி முடிந்து சில நாட்களாகியிருந்தன. விசா வாங்கினேன். என் வீட்டுக்குப் போக எனக்கு விசா, அதில் காரணம் சுற்றுலா. திருச்சி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி, "தமிழ் பேசுவீங்களா சார்? எந்த ஊருக்குப் போறீங்க?" என்றார். "உறையூர்," என்றேன். "நல்ல ஊரு. பாத்துட்டு வாங்க," என்றார்.

தங்கை வாசலில் நின்றிருந்தாள். என் தலையில் அப்போதுதான் முள்முள்ளாக முடி எட்டிப் பார்த்தது. அப்பாவை உரித்துவைத்ததுபோல் இருக்கிறாய் என்று சொல்லி அழப்போகிறாள் என்று நினைத்தேன். கதைகளில் அப்படித்தான் நடக்கும்.

"காதெல்லாம் எவ்ளோ பெருசா இருக்கு ஒனக்கு," என்றாள். "இத்தன நாளும் முடி மறைச்சிருக்கு."

சாப்பிட்டோம். அப்பாவின் கட்டில் மடக்கிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத."

"சொல்லு."

"நீ பாட்டுக்கு வந்துக்கிட்டிருக்கேன்பான்னு சொல்லிட்டு போனை வச்சுட்ட. அதுக்கப்புறம் கண்ணு முழிக்கிறப்பெல்லாம் அவரு என்னையத்தான் கேட்டாரு. எங்க வர்றான், எங்க வர்றான்னு."

"தண்ணி கேட்டாருன்னியே."

"தண்ணியும் கேட்டாரு." தட்டின் விளிம்பைத் துடைத்தாள். "நான் என்னத்தச் சொல்ல? நேரா திருச்சிக்கு டிக்கெட் கிடைக்கலப்பா, மெட்ராஸ்ல இறங்கி பஸ்ல வர்றான்னேன். மறுநாள் கேட்டாரு. செங்கல்பட்டு தாண்டிட்டான்னேன். அப்புறம் விழுப்புரம். அப்புறம் உளுந்தூர்பேட்டை. பெரம்பலூர்ல வண்டி பஞ்சராயிருச்சுன்னு ஒருநாள் ஓட்டினேன். 'அவ்வளவு தூரமாடி அந்த ஊரு?'ன்னாரு. ஆமாப்பா, தூரந்தான்னேன். கடேசி அன்னிக்கிக் காலையில கேட்டாரு. நம்பர் ஒன் டோல்கேட் வந்துட்டாம்ப்பான்னு சொன்னேன். 'அப்ப கிட்ட வந்துட்டான்'னாரு."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதை இறுக்கினாள்.

"அதுக்கு மேல ஒன்னய எங்க நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியலண்ணே. டோல்கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு சொல்லு, ரெண்டு பாலம். நாளைக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரி கேண்டீன்ல காப்பி வாங்கிட்டு இருந்தேன். நர்ஸு வந்து கூப்பிட்டா."

நான் சொன்னது ஒரே ஒரு பொய். அதைக் காப்பாற்ற அவள் என்னை மெட்ராஸிலிருந்து ஊர் ஊராக, நாள் நாளாக, தனியாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கோபித்துக்கொள்ளாதே என்று என்னிடமே கேட்கிறாள். என் கையில் காய்ந்துபோயிருந்த சோற்றைக் கழுவிக்கொள்ள எழுந்தேன்.

மறுநாள் காலை அவள் எழுவதற்குள் கிளம்பி, ஒரு ஆட்டோ பிடித்து நம்பர் ஒன் டோல்கேட்டில் போய் இறங்கினேன். காப்பிக்கடைகள் திறந்திருந்தன. பெரம்பலூர் பக்கமிருந்து வந்த பேருந்துகள் ஆட்களை உதிர்த்துவிட்டுப் போயின. கையில் பையோ பெட்டியோ இல்லாமல் கொஞ்ச நேரம் அந்தக் கூட்டத்தோடு நின்றேன். டவுன் பஸ் வந்ததும் ஏறினேன்.

"எங்க?" என்றார் நடத்துனர்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்ட்."

கொள்ளிடம் பாலத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கீழே மணல்தான் அதிகம். திருவானைக்கோவில், மாம்பழச்சாலை, அடுத்த பாலம். காவிரியில் தண்ணீர் போயிற்று. சத்திரத்தில் இறங்கி, உறையூருக்கு நடந்தேன்.

தங்கை வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வாளியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"விடிஞ்சதும் எங்க போன?"

"டோல்கேட்டுக்கு."

வாளியைக் கீழே வைத்துவிட்டு, நான் நுழைவதற்காகக் கதவை விரியத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.